கரூர்ப் பட்டறையில் வேனுக்கு வெப்பக் காப்பும் உட்புறப் பலகையும்: ஓராண்டுக்குப் பிறகு எழுதும் மதிப்பீடு

எங்கள் ஃபோர்ஸ் டிராவலர் டெலிவரி வேனின் உட்புறத்துக்கு வெப்பக் காப்பு அடித்துப் பலகை வைக்கும் வேலையை, கரூரில் பேருந்துகளுக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையிடம் ஒப்படைத்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இத்தகைய வேலையை வண்டி கைக்கு வந்த வாரத்தில் மதிப்பிட முடியாது. புதுப் பலகையும் பளபளக்கும் பீடிங்கும் யார் கண்ணையும் நிறைக்கும். பலகைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை ஒரு கோடையும், ஒரு வடகிழக்குப் பருவமழையும், மலைமேல் சில குளிர் இரவுகளும்தான் சொல்லும். அவையெல்லாம் கடந்த பிறகே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் பட்டறையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வேனை வாங்கியதற்குக் காரணம் என் அம்மா. அவருக்கு 74 வயது. கோயில்களுக்குப் போகவேண்டும் என்ற ஆசை குறையவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே வர முடியாது, இடையில் படுக்க வேண்டும். டெலிவரி வேன் என்பது சரக்குக்காகச் செய்யப்பட்ட வண்டி. வெளித்தகடு ஒன்றுதான் அதன் சுவரும் கூரையும். கோடை வெயிலில் அது தகரக் கொட்டகை, மலைக்குளிரில் அதுவே குளிர்ப்பெட்டி. வயதானவரைப் படுக்க வைக்கும் இடமாக அதை மாற்றுவதற்கு, கட்டிலுக்கும் அலமாரிக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை வெப்பக் காப்பு.

கரூரைத் தேர்ந்ததற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டில் பேருந்துப் பாடி என்றால் முதலில் வாயில் வருவது அந்த ஊர்தான். தகடு வளைப்பவர், தச்சர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கிறார்கள். அதோடு, கோடையில் வானிலைத் துறை வெளியிடும் வெப்பநிலைப் பட்டியலில் கரூர் பரமத்தி அடிக்கடி மேலே இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வெயிலில் வேலை செய்பவர்களுக்கு வெப்பத்தின் அருமை தெரியும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை பாதி சரியாக இருந்தது.

முதலில் அவர்கள் மிகச் சிறப்பாகச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பலகை வேலையில் அந்தக் கைகளுக்கு ஈடு இல்லை. வேனின் பக்கச்சுவர் நேராக நிற்பதில்லை. மேலே போகப் போக உள்வாங்கும். அந்த வளைவுக்கு முதலில் அட்டையை வெட்டிப் பொருத்திப் பார்த்து, பென்சிலால் திருத்தி, மறுபடி வெட்டி, மூன்றாவது அட்டை இம்மியும் பிசகாமல் உட்கார்ந்த பிறகே தச்சர் ப்ளைவுட்டில் ரம்பத்தை வைத்தார். சக்கரத்தின் மேல்வளைவைச் சுற்றிப் பலகை சேரும் இடத்தில் இன்றுவரை ஓர் இடைவெளியும் விழவில்லை. இரண்டு பலகைகள் சந்திக்கும் இடங்களில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் சந்து விட்டு, அதன்மேல் அலுமினிய பீடிங் வைத்தார்கள். மழையில் மரம் ஊதினாலும் பலகை முட்டி மேலெழாமல் இருப்பதற்கு அந்தச் சந்துதான் காரணம்.

எந்தப் பலகை என்பதில் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. பட்டறையின் முதல் யோசனை 12 மில்லிமீட்டர் ப்ளைவுட். திருகு நன்றாகப் பிடிக்கும், அலமாரியை எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம் என்றார்கள். ஆனால் எடையைக் கணக்கிட்டால் அந்த யோசனை நிற்காது. ப்ளைவுட் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ என்று வைத்துக்கொண்டால், 12 மில்லிமீட்டர் பலகை ஒரு சதுரமீட்டருக்கு 8 கிலோவை நெருங்கும். 4 மில்லிமீட்டர் பலகை இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல். எங்கள் சுவர், கூரை, பின்கதவு எல்லாம் சேர்ந்து 20 சதுரமீட்டர் வரும். ஆக வித்தியாசம் மட்டும் 100 கிலோவுக்கு மேல், அதிலும் கணிசமான பங்கு தலைக்கு மேலே. கொண்டை ஊசி வளைவுகளில் அந்த எடை வண்டியைச் சாய்க்கும். எனவே சுவருக்கும் கூரைக்கும் 4 மில்லிமீட்டர், அலமாரி தொங்கும் இரண்டு பட்டைகளில் மட்டும் பின்புறம் 12 மில்லிமீட்டர் தாங்கு கட்டை என்று முடிவாயிற்று. எல்லாம் 710 ப்ளை, அதாவது ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரநிலையிலுள்ள மரைன் ப்ளைவுட். கடைகளில் ஐஎஸ் 303 பலகையையும் தண்ணீருக்குத் தாங்கும் என்றே விற்கிறார்கள். அதிலும் பிடபிள்யூஆர் எனப்படும் கொதிநீர் தாங்கு வகை ஓரளவு தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் பலகையின் பின்பக்கம் நம் கண்ணுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை என்பதால் அங்கே சிக்கனம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பின்பக்கத்துக்கும் வெட்டிய விளிம்புகளுக்கும் இரண்டு கை வார்னிஷ் அடிக்கச் சொன்னேன். முன்பக்கம்தானே தெரியும் என்று கேட்டார்கள், ஆனாலும் அடித்துக் கொடுத்தார்கள்.

பிவிசி பலகையும், இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த ஏசிபி ஷீட்டும் காட்டினார்கள். பிவிசி எடை குறைவு, தண்ணீர் படாது, விலையும் மலிவு. எனினும் வெயிலில் நிற்கும் கூரைத் தகடு எட்டும் சூட்டில் அது இளகித் தொய்யும். தீப்பிடித்தால் மூச்சை அடைக்கும் அமிலப் புகையை விடும். ஏசிபியின் நடுவில் சாதாரணமாக இருப்பது பாலிஎத்திலீன், அதுவும் எரியக்கூடியது. தூங்கும் இடத்தில் இரண்டும் வேண்டாம் என்று ஒதுக்கினேன். மரமும் எரியும்தான், ஆனால் அதன் புகையில் பிவிசி விடும் அந்த அமிலம் இராது என்ற அளவில் அதை ஏற்றுக்கொண்டேன்.

இனி, நான் மிகவும் வருந்திய பகுதி.

வெப்பக் காப்புக்கு நைட்ரைல் ரப்பர் ஷீட் வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். பெரிய கட்டடங்களில் ஏசி குழாய்களுக்குச் சுற்றப்படும் அதே கருப்பு ரப்பர்தான். அதன் நுண்ணறைகள் மூடியவை. ஈரக்காற்று உள்ளே ஊடுருவுவது மிகக் கடினம். வளைந்த தகட்டில் பசையோடு ஒட்டினால் தோல்போலப் படிந்துவிடும். சுவர்களுக்கு அதையே ஒட்டினார்கள். கூரைக்கு வந்தபோது மேஸ்திரி தடுத்தார். “பஸ்ஸுக்கெல்லாம் முப்பது வருசமா தெர்மோகோல்தானுங்க வெக்கிறோம். ஒரு சொட்டு ஒழுகுனதில்லீங்க. எதுக்குங்க வீண் செலவு?” என்றார். அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. வெப்பத்தைத் தடுக்கும் திறனை மட்டும் பார்த்தால், ஒரே தடிமனில் தெர்மோகோலும் நைட்ரைல் ரப்பரும் ஏறத்தாழச் சமமானவை. அவருடைய அனுபவத்துக்கு மதிப்புக் கொடுத்து ஒப்புக்கொண்டேன். அதே போக்கில் கூரைப் பலகையைப் பாப் ரிவெட் (துளைத்தால் மட்டுமே எடுக்கக்கூடிய ஆணி) வைத்து அடிப்பதற்கும் தலையாட்டிவிட்டேன். சுவர்களுக்கு மட்டும் நான் கேட்டபடி, தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டங்களில் எம்6 ரிவெட் நட் (திருகு ஏறும் மரை) பதித்து, கழற்றி மாட்டக்கூடிய திருகுகள் போட்டார்கள்.

நாங்கள் இருவருமே கவனிக்காத ஒன்று உண்டு. பேருந்தில் எவரும் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு மலைக்குளிரில் எட்டு மணி நேரம் உறங்குவதில்லை. வேனில் உறங்குகிறோம்.

மார்கழியில் அம்மாவை ஊட்டிக்கு அழைத்துச் சென்றேன். வெளியே 7 டிகிரி. உள்ளே இரண்டு பேர், கம்பளி, அடைத்த ஜன்னல். விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா எழுப்பினார், போர்வை நனைந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது கூரையில் நீர் எல்லா இடத்திலும் இல்லை. குறுக்காக ஐந்து கோடுகள், ஏதோ அளவுகோல் வைத்து இழுத்ததுபோல், ஒவ்வொன்றிலும் வரிசையாகத் துளிகள். ரிவெட்டின் தலை ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய துளி தொங்கியது. கூரையின் ஐந்து குறுக்குச் சட்டங்கள் எங்கே இருக்கின்றன என்பதை நீரே வரைந்து காட்டிவிட்டது. வெளியே மழை இல்லை. அது எங்கள் இருவரின் மூச்சு.

நடந்தது இதுதான். இருவர் ஓர் இரவு தூங்கும்போது மூச்சாலும் வியர்வையாலும் அரை லிட்டருக்குக் குறையாத நீரைக் காற்றில் சேர்க்கிறார்கள். 19 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 14 டிகிரி அல்லது அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர் விடும். சட்டங்களுக்கு இடையே உள்ள தகட்டுக்குத்தான் தெர்மோகோல் இருந்தது, சட்டங்கள் மூடப்படவில்லை. வெளித்தகட்டோடு ஒட்டிய இரும்புச் சட்டம், அதன்மேல் நேரடியாக நான்கு மில்லிமீட்டர் பலகை, நடுவில் உலோக ரிவெட். வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பு இத்தகைய காப்புப் பொருள்களைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வல்லது. கூரையின் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் சட்டங்கள் என்றாலும், குளிர் உள்ளே வருவதற்கு அந்த ஒரு பங்கே போதும். வேனுக்குக் காப்பு அடிக்க நினைப்பவர்கள் பலரும் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று கேட்கிறார்கள். என் அனுபவத்தில் தடிமன் இரண்டாவது கேள்வி. மூடாமல் விட்ட இரும்பு எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. சுவர்களிலும் சட்டங்கள் இருந்தன, ஆனால் அங்கே ரப்பர் ஷீட்டைச் சட்டத்தின் மேலும் இழுத்து ஒட்டியிருந்ததால் அன்றிரவு சுவர் காய்ந்தே இருந்தது.

பட்டறையைத் தொலைபேசியில் அழைத்தேன். தட்டிக்கழிக்கவில்லை; வண்டியைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். தை மாதத்தில் கூரையைத் திறந்தோம். அந்த நாள் முழுதும் நான் அங்கேயே இருந்தேன். 112 பாப் ரிவெட்டுகளையும் ஒவ்வொன்றாகத் துளைத்தே எடுக்க வேண்டியிருந்தது. துளைத்தபோது உதிர்ந்த இரும்புத் துகள்கள் சுவர்ப் பலகையின் பின்னால் விழுந்தன. அவற்றை விட்டால் ஈரத்தில் துருப்பிடித்துத் தகட்டையும் அரிக்கும் என்பதால் சுவரையும் கழற்றினோம். ரிவெட் நட் போட்ட சுவர் இருபது நிமிடத்தில் கையோடு வந்துவிட்டது. கூரைக்கு அரை நாள் ஆனது. கழற்றக்கூடிய பலகை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

தெர்மோகோல் வெளியே வந்தபோது மேஸ்திரியே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய பக்கம் முழுதும் கரையான் தின்றதுபோல் குழிகுழியாக இருந்தது. ரப்பர் பசையில் உள்ள கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துவிடும். பெயருக்கு 25 மில்லிமீட்டர், சில இடங்களில் விரலை வைத்தால் வெளித்தகடு தட்டுப்பட்டது. மீதிப் பகுதி தகட்டின் வளைவோடு சேராமல் விலகி நின்றது. அந்த இடைவெளியில் நீர் கோத்திருந்தது. “இதை நாங்க திறந்து பாத்ததே இல்லீங்க” என்றார் அவர். முப்பது ஆண்டுத் தொழில் அனுபவம் உள்ள ஒருவர் அப்படி ஒளிவுமறைவின்றிச் சொன்னது எனக்கு அவர்மேல் மரியாதையைக் கூட்டியது.

மறுவேலை நான் பார்த்த வேலைகளிலேயே நேர்த்தியானது. தகட்டைத் துடைத்து, துளைகளின் விளிம்புக்கு ஜிங்க் பிரைமர் தொட்டு, 19 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பரை இரண்டு அடுக்காக ஒட்டினார்கள். கீழடுக்கின் இணைப்பும் மேலடுக்கின் இணைப்பும் ஒரே கோட்டில் வராதபடி மாற்றி வைத்தார்கள். பசையைத் தகட்டிலும் ஷீட்டிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் வெயிலிலேயே தொங்கிவிடும். ஒவ்வொரு சட்டத்தின் முகத்திலும் 6 மில்லிமீட்டர் ரப்பர்ப் பட்டை ஒட்டி, இணைப்புகளின் மேல் அதே ரப்பரின் டேப்பை ஓட்டினார்கள். சட்டங்களின் உட்குழிக்குள் ஃபோம் பீய்ச்சலாமா என்று இளைய தொழிலாளி ஒருவர் கேட்டார். மேஸ்திரியே வேண்டாம் என்றார். தண்ணீர் வடியும் வழியை அடைத்தால் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். கதவுகளின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் அவ்வாறே திறந்து விட்டார்கள். பலகைக்குக் கூரையிலும் இப்போது ரிவெட் நட்தான். ரப்பர்ப் பட்டையின் மேல் பலகை அமர்வதால், மேடுபள்ளச் சாலையில் முன்பு கேட்ட கிறீச்சொலியும் போய்விட்டது.

மே மாதத்தில் அதே பட்டறை வாசலில், காப்பு அடிக்காத இன்னொரு வெள்ளை வேனின் அருகில் நிறுத்தி, பிற்பகல் இரண்டு மணிக்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்தேன். அந்த வேனின் கூரைத் தகடு உட்புறத்தில் 56 டிகிரி. எங்கள் கூரைப் பலகை 42 டிகிரி. வெளிக்காற்றே அன்று 40ஐத் தாண்டியிருந்தது என்பதால் இதற்கு மேல் எதிர்பார்க்க நியாயமில்லை. (இந்தக் கருவியைப் பளபளக்கும் உலோகத்தின்மேல் காட்டினால் தவறான அளவைக் காட்டும், வண்ணம் பூசிய பரப்பிலோ மரத்திலோதான் நம்பலாம்.) ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: வெப்பக் காப்பு குளிர்விப்பதில்லை, வெப்பம் நகர்வதைத் தாமதப்படுத்துகிறது. பகல் முழுதும் அடைத்துவைத்து வெயிலில் நிறுத்திய வேன், கண்ணாடி வழியே வாங்கிய சூட்டை மாலையில் விடாமல் பிடித்துக்கொள்ளும். கூரை எக்ஸாஸ்ட் விசிறி இல்லாமல் காப்பு மட்டும் அடிப்பது பாதி வேலை. அடுத்த மார்கழியில் கோத்தகிரியில் விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவைத்துத் தூங்கினோம். காலையில் கூரையைக் கையால் தடவிப் பார்த்தேன்; ஒரு துளியும் இல்லை.

இரண்டு பொருள்களைப் பற்றி ஒரு சொல். வெள்ளித்தாள் ஒட்டிய குமிழ் ஷீட்டைக் கடைகளில் பெரிய காப்பாக விற்கிறார்கள். பளபளக்கும் பக்கத்துக்கு எதிரே ஓரிரு சென்டிமீட்டர் காற்றிடைவெளி இருந்தால்தான் அது வெப்பக் கதிரைத் திருப்பும். தகட்டோடு ஒட்டிப் பலகையால் அழுத்திவிட்டால் அது வெறும் மெல்லிய பிளாஸ்டிக். கண்ணாடிகளுக்குத் திரையாக மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன், அங்கே நன்றாக உழைக்கிறது. மற்றொன்று பியூட்டைல் டாம்பிங் ஷீட். அது அதிர்வைக் குறைப்பதற்கானது, வெப்பத்துக்கு அல்ல. ஒவ்வொரு தகட்டிலும் கால் பங்குப் பரப்பில் ஒட்டினாலே மழைச் சத்தம் தெளிவாகக் குறைகிறது. முழுதும் ஒட்டச் சொல்வது பணத்துக்கும் எடைக்கும் கேடு.

தரை வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகட்டின் வரிப்பள்ளங்களில் எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டியான ஃபோம் பட்டைகளைப் பதித்து, மேலே 12 மில்லிமீட்டர் 710 ப்ளை, அதன்மேல் வினைல். துளையிடும் முன் மேஸ்திரி வண்டிக்கடியில் படுத்து, டீசல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே என்று சாக்பீஸால் குறித்து வைத்தார்.

வயர்களை ரப்பருக்கும் பலகைக்கும் நடுவே குழாயில் ஓட்டச் சொன்னேன். பலகை மூடும் முன் டேப் வைத்து அளவு தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துக்கொண்டேன். பின்னர் ஓர் அலமாரியை மாட்டும்போது அந்தப் படம் ஒரு வயரைக் காப்பாற்றியது. வாங்கும் ஷீட்டுக்கு, வாகன உட்புறப் பொருள்களின் தீப்பற்றும் தன்மைக்கான ஐஎஸ் 15061 சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் மட்டுமே எடுத்துத் தருகிறார்கள். சட்டம் பற்றியும் ஒரு வரி: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, தயாரிப்பாளரின் அசல் வரையறைக்கு மாறாக மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கைக்கு வந்த பிறகே நான் பட்டறைக்குப் போனேன்.

செலவு, பொருளும் கூலியும் சேர்த்து 96,000 ரூபாய். கூரையின் மறுவேலைக்குக் கூலி வாங்கவில்லை; ரப்பருக்கும் பசைக்கும் ஆன 11,500 ரூபாயை நான் கொடுத்தேன். முதல் வேலைக்கு 11 நாள் என்றார்கள், 19 நாள் ஆனது. தாமதத்தை முன்கூட்டியே சொல்லாமல் நான் கரூர் வந்து நின்ற பிறகு சொன்னது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பசையின் வாடை இரண்டு வாரம் இருந்தது. அதுவரை அம்மாவை ஏற்றவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பின்கதவுகளின் கீழ்ப்பாதியில், பூட்டுப் பெட்டியைச் சுற்றி ஒரு கையளவு இரும்பு மூடப்படாமல் இருக்கிறது. குளிர் நாட்களில் அங்கே மட்டும் பனி கோக்கிறது. மேஸ்திரிக்குப் படம் அனுப்பினேன். பூட்டைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும், பங்குனியில் வேலை குறைவாக இருக்கும், அப்போது வாருங்கள் என்று பதில் வந்திருக்கிறது.